புகை காலையில், முட்டு இரவில்

திருகோணமலையில் தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு வருடத்தில் இரண்டு கெட்ட காலம். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று ஒழுங்கை மண்ணையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவரும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு இந்தியப் பக்கத்துப் புகைமூட்டமும் வந்து சேரும். 2022 டிசம்பரில் அப்படித்தான் காற்று கெட்டு, நாடெங்கும் பள்ளிக்கூடங்களை மூடவேண்டி வந்தது.

அந்தக் காற்றை நம்மால் மறிக்க முடியாது. வளவுக்குள் எழும் புகையை மறிக்கலாம். சருகோடு சேர்த்து எரிக்கும் பொலித்தீன் பை, புகைபோக்கி இல்லாத குசினி விறகடுப்பு, கட்டிலடியில் நுளம்புத்திரி. ஒரு திரி எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் விடுகிற அளவு நுண்துகளை விடுகிறது என்று 2003இல் வெளியான ஆய்வொன்று அளந்து சொன்னது. தொய்வு உள்ள பிள்ளை படுக்கிற அறைக்கு நுளம்பு வலை போதும்.

2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள் மூக்கில் தங்காமல் சிறிய மூச்சுக்குழாய் வரை இறங்கிவிடும். தொய்வுக்காரருக்கு அந்தக் குழாயின் உட்சுவர் ஏற்கனவே வீங்கித்தான் இருக்கும். துகள் பட்டால் வீக்கம் கூடும், தசை இறுகும், சளி ஊறி அடைக்கும். இது உடனே நடக்கவேண்டும் என்றில்லை. காலையில் குப்பை எரித்த வீட்டில் பிள்ளை இரவு இரண்டு மணிக்கு இருமி எழும்பலாம். பழியோ அந்திக்குக் குடித்த குளிர்தண்ணியில் விழும். புகையை யாரும் நினைப்பதில்லை.

தொய்வுக்கு வாயால் இழுக்கும் மருந்துப் பம் (இன்ஹேலர்) இரண்டு வகை. நீலப் பம் இறுகிய தசையை நாலைந்து மணித்தியாலம் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது தினமும் இழுக்கும் மண்ணிறப் பம். "இப்ப முட்டு, மூச்சுத்திணறல் ஒன்றும் இல்லைத்தானே" என்று அதை நிறுத்துவதுதான் பெரிய பிழை. அது முழுப் பலன் தர வாரக்கணக்காகும். விட்டவர்கள் காற்று மாறுவதற்கு முன்பே கிளினிக்கில் கேட்டுத் திரும்பத் தொடங்குங்கள். இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளை படரும்.

பம்பில் பொருத்தி மருந்தை ஆறுதலாக இழுக்க உதவும் கூடான ஸ்பேசர் வாங்க வசதியில்லையா? 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தல் போதும். கம்பியைப் பம்பின் வாய் அளவுக்கு வளைத்துச் சுடவைத்து, போத்தலின் அடியில் துளை போடுங்கள். பம் இறுக்கமாகப் பொருந்தவேண்டும், இடைவெளி இருந்தால் டேப் ஒட்டுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிவிடும். பம்பைக் குலுக்கி ஒருமுறை அழுத்தி, போத்தல் வாயால் ஐந்தாறு தடவை ஆறுதலாக மூச்சு இழுத்து விடவேண்டும். இரண்டு முறை சேர்த்து அழுத்தினால் மருந்து வீணாகும்.

முட்டு கடுமையானால் நிமிர்ந்து உட்காரவைத்து, நீலப் பம்பை அரை நிமிடம் முதல் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பத்து வரை கொடுக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, விலா இடுக்கு குழிவிழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ பத்து முடியும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை பம்பைக் கொடுத்துக்கொண்டிருங்கள்.