அட்வகசி: பரிந்து பேசுதலா, குரல் கொடுத்தலா?

தன்னார்வ அமைப்புகளின் அறிக்கைகளிலும் எச்.ஐ.வி. திட்டங்களின் பயிற்சி அழைப்புகளிலும் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'அட்வகசி'. 'இளைஞர் அட்வகசி', 'அட்வகசி கூட்டம்', 'அட்வகசி அலுவலர்' என்று தமிழ் வரிகளுக்கு நடுவே அப்படியே எழுதிவிடுகிறார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் கையில் உள்ளவரிடம் போய், குறிப்பிட்ட ஒரு மாற்றத்தைக் கேட்டு, அது நடக்கும்வரை விடாமல் வற்புறுத்துவதே அதன் பொருள்.

விழிப்புணர்வு வேறு, இது வேறு. உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 அன்று, கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக இயங்கும் செஞ்சுருள் சங்கத்தின் மாணவர்கள் கல்லூரி வாசலில் மனிதச் சங்கிலியாக நிற்பது விழிப்புணர்வு. அது ஊராரைப் பார்த்து 'தெரிந்துகொள்ளுங்கள்' என்கிறது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் அதை வாங்குவதற்காகவே ஒவ்வொரு மாதமும் ஒரு பள்ளி நாளை இழக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள், 'சனிக்கிழமை பிற்பகலிலும் மருந்து கொடுங்கள்' என்று மருத்துவமனை முதல்வருக்கு எழுதிக் கேட்பது அட்வகசி. முதலாவதில் எவரும் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. இரண்டாவதில் ஒருவர் 'சரி' என்றோ 'முடியாது' என்றோ சொல்லியே ஆக வேண்டும். ஒரு நிகழ்ச்சி அட்வகசியா இல்லையா என்று ஐயம் வந்தால், அதன் முடிவில் யார் பதில் சொல்லக் கடமைப்படுகிறார் என்று பார்த்தால் போதும்.

சொல்லின் பிறப்பு

இலத்தீனில் 'ஆட்' என்றால் 'பக்கமாக, நோக்கி'. 'வொகாரே' என்றால் 'அழைத்தல்'. குரலைக் குறிக்கும் 'வோக்ஸ்' இதன் உறவுச்சொல். இரண்டும் சேர்ந்தால் 'துணைக்கு அழைத்தல்'. அப்படி அழைக்கப்பட்டவர் 'அட்வொகாட்டுஸ்'. உரோமக் குடியரசுக் கால வழக்குமன்றத்தில் எழுந்து வாதாடியவருக்கு 'பத்ரோனுஸ்' என்று தனிப்பெயர் இருந்தது. அட்வொகாட்டுஸ் என்பவர் வழக்குக்காரர் கூப்பிட்டதால் வந்து, கூடவே நின்று, ஆலோசனை சொல்லி, தான் அங்கே இருப்பதாலேயே பலம் சேர்த்த நண்பர். வாதாடுபவர் என்ற பொருள் பின்னர்தான் அதற்கு நிலைத்தது. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது வழக்கறிஞர் என்ற பொருளே முன்னால் நின்றது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டமும் அந்தப் பொருளில்தான் இச்சொல்லை ஆள்கிறது.

நம்மிடையே புழங்கும் 'வக்கீல்', 'வக்காலத்து' இரண்டும் அரபிச் சொற்கள். 'ஒப்படைத்தல்' என்ற பொருளுள்ள வேரில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக வந்தவை. 'வொகாரே'யோடு அவற்றின் ஒலி ஒத்துப்போவது தற்செயல். பொருளளவில் 'வக்காலத்து' அட்வகசிக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் 'அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குற?' என்று கேட்டுக் கேட்டு அதில் குத்தல் ஏறிவிட்டது. நியாயமான கோரிக்கைக்கு இனி அது உதவாது.

தமிழில் எது பொருந்தும்?

சிலர் 'பரப்புரை' என்று பெயர்க்கிறார்கள். அது பிரசாரத்துக்குரிய சொல். அது பலரிடம் பேசுவது, இது முடிவெடுக்கும் ஒருவரிடம் கேட்பது. 'பரிந்துரை' சொல்லமைப்பில் சரியானதுதான், ஆனால் 'சிபாரிசு' இருந்த இடத்தை அது எடுத்துக்கொண்டுவிட்டது. 'குழுவின் பரிந்துரை', 'மருத்துவர் பரிந்துரைத்த மருந்து' என்று பழகிய காதுக்கு அட்வகசி என்ற பொருள் எட்டாது.

'பரிந்து பேசுதல்' உயிருள்ள வழக்கு. தமிழ் விவிலியத்தில், யோவான் எழுதிய முதல் திருமுகம் 2:1-இல், ஆங்கிலப் பெயர்ப்பு 'அட்வகேட்' என்று சொல்லும் இடத்தில் 'பரிந்து பேசுகிறவர்' என்றே வருகிறது. இரக்கம், அன்பு, வருத்தம் எல்லாம் 'பரிதல்' என்ற வினைக்குள் இருக்கின்றன. 'பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்' என்ற குறளில் (132) பரிமேலழகர் அதற்கு 'வருந்தியும்' என்று பொருள் காண்கிறார். இன்னொருவரின் துன்பத்துக்காகத் தானும் வருந்திப் பேசுவது என்பதற்கு இதைவிட அழகான தமிழ் கிடையாது. இடர்ப்பாடும் அங்கேதான். பரிந்து பேச ஒருவரும் பரிவுக்குரிய வேறொருவரும் வேண்டும். தன் மருந்துக்காகத் தானே கேட்கும் இளம்பெண் தனக்காகப் பரிந்து பேசுவதில்லை, தன் உரிமையைக் கேட்கிறாள்.

அவளுடைய செயலுக்குப் பொருந்துவது 'குரல் கொடுத்தல்'. 'உள்ளே வராதே, வாசலில் நின்று குரல் கொடு' என்று ஊரில் சொல்வோமே, அந்த அழைப்பும் இதில் இருக்கிறது. பிறருக்கு ஆதரவாக நிற்பது என்ற பொருளும் இருக்கிறது. குரலும் அழைப்பும் சேர்ந்த இலத்தீன் வேருக்கும் இது நெருக்கமானது. பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் 'உரிமைக் குரல்' என்று சொல்லலாம். ஆக, தனக்காகவோ தன்னைப் போன்றோருக்காகவோ கேட்டால் குரல் கொடுத்தல். பிறருக்காக ஒருவர் கேட்டால் பரிந்து பேசுதல். ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குத் தமிழில் இரண்டு தேவைப்படுவது குறையில்லை. இளைஞர் பணியில் இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல திட்டங்கள் தடுமாறுகின்றன.

தென்னாப்பிரிக்காவின் இன்கோசி ஜான்சன் வாழ்வில் இரண்டையும் அடுத்தடுத்துக் காணலாம். பிறப்பிலேயே எச்.ஐ.வி. தொற்று பெற்ற சிறுவன் அவன். 1997-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பள்ளிச் சேர்க்கைக்குத் தடை வந்தபோது அவனுக்காகப் போராடியவர் வளர்ப்புத் தாய். அது பரிந்து பேசுதல். 2000 ஜூலையில் டர்பனில் கூடிய பன்னாட்டு எய்ட்ஸ் மாநாட்டு மேடையில், பதினோரு வயதில், அவனே பேசினான். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு ஏ.இசட்.டி. மருந்தை அரசு கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று கேட்டான். யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், யாருக்குச் செய்ய வேண்டும் என்ற மூன்றும் அந்தக் கோரிக்கையில் இருந்தன. 2001 ஜூன் 1 அன்று அவன் இறந்தான். எச்.ஐ.வி. உள்ளோரின் மருந்துரிமைக்காகப் போராடிய 'சிகிச்சைக்கான செயல் இயக்கம்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கிடைக்கச் செய்யும்படி 2002 ஜூலை 5 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த நாட்டு அரசுக்கு ஆணையிட்டது.

துணை நிற்பது எப்படி?

உரோம மன்றத்து அட்வொகாட்டுஸின் வேலைதான் இங்கே பெரியவர்களுடையது: கூப்பிட்டால் வருவது, கூட நிற்பது. பேச வேண்டியதை எழுதிக் கையில் திணிப்பது அதில் சேராது. ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில், சிறுவர் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கையாளுதல், அலங்காரம், பெயருக்குச் சேர்த்தல் ஆகிய கீழ்ப்படிகள் மூன்றும் பங்கேற்பே ஆகாது என்றார். மேடையில் சிவப்பு நாடா அணிந்து நிற்கும் பிள்ளைக்குக் கூட்டத்தின் முடிவு என்னவென்று தெரியாவிட்டால் அது இரண்டாம் படி.

முதலில், கோரிக்கையைச் சுருக்க உதவ வேண்டும். 'எச்.ஐ.வி. மீதான ஒதுக்குதலை ஒழிக்க வேண்டும்' என்று மனு கொடுத்தால், வாங்கும் அதிகாரி அதைச் சிரித்தபடி வாங்கி வைப்பார். மறுக்கவும் அதில் ஒன்றுமில்லை, செய்யவும் ஒன்றுமில்லை. 'இந்த மையத்தில் ஓராண்டுக்கு மேல் வைரஸ் அளவுப் பரிசோதனை நடக்காதவர்களுக்கு அடுத்த மாதத்துக்குள் நடத்துங்கள்' என்றால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். சிகிச்சை தொடங்கி 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனை என்பது நாகோ எனப்படும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் நெறிமுறையே. மருந்தை ஒழுங்காக எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. தான் அந்த நிலையில் இருக்கிறோமா என்பதை ஓர் இளைஞர் அறிய இந்தப் பரிசோதனையை விட்டால் வேறு வழியில்லை.

அடுத்தது முகவரி. தவறான கதவைத் தட்டி மாதக்கணக்கை வீணாக்குவது அடிக்கடி நடக்கிறது. மைய நேரம், வரிசையில் பெயரை உரக்கக் கூப்பிடுவது, ஆலோசனை அறையின் கதவு மூடாதது எல்லாம் அந்த மருத்துவமனையிலேயே தீரக்கூடியவை. மாவட்டத்தின் பல மையங்களில் ஒரே குறை என்றால் மாவட்ட அளவில் எய்ட்ஸ் திட்டத்தைக் கவனிக்கும் அலுவலகம். ஆலோசகர் பணியிடம் காலியாகக் கிடந்தால் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். மருந்துத் தட்டுப்பாடு பெரும்பாலும் அதற்கும் மேலே போகும், ஏனென்றால் ஏ.ஆர்.டி. மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்வது நாகோ. 2022 ஜூலையில் மருந்து கிடைக்காத எச்.ஐ.வி. உள்ளோர் தில்லியில் நாகோ அலுவலகத்திலேயே போராட்டம் தொடங்கினார்கள்; அது ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநரிடம் சண்டை போட்டுப் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு சான்று. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, கேட்டது, கொடுத்த மாத்திரைகளின் எண்ணிக்கை, சொன்ன காரணம். 30 மாத்திரைக்குப் பதில் 7 கொடுத்த நாள்களை நான்கைந்து பேர் தனித்தனியே பெயரில்லாமல் குறித்து வைத்திருந்தால், 'அடிக்கடி தட்டுப்பாடு' என்ற வாய்ச்சொல்லுக்கு எடை வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் இருப்பு விவரம் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் வேண்டும் என்பதால், அதை இளைஞர் பெயரில் போடாமல் துணை நிற்கும் பெரியவர் தன் பெயரில் போடுவது நல்லது.

மிகவும் கவனம் வேண்டிய இடம் தன் நிலையை வெளியே சொல்வது. குரல் கொடுக்க எவரும் தனக்கு எச்.ஐ.வி. உண்டு என்று அறிவிக்க வேண்டியதில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரை அப்படிச் சொல்லக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கிறது. பிறப்பிலேயே தொற்று பெற்ற ஒருவர் மேடையில் தன்னைப் பற்றிச் சொன்னால், தாயைப் பற்றியும் சொன்னதாகிவிடும். பெரும்பாலான 'சாட்சிப் பேச்சு' ஏற்பாடுகள் இதை யோசிப்பதே இல்லை. தாயிடம் கேட்க வேண்டும். படம் எடுக்க ஒப்புதல், இணையத்தில் போட ஒப்புதல் என்று தனித்தனியே வாங்க வேண்டும். கூட்டத்தன்று காலையில்கூட 'வேண்டாம்' என்று சொல்ல இடம் கொடுக்க வேண்டும். இணையத்தில் ஏறிய படம் திரும்பி வராது.

இந்தச் சட்டத்தையே இளைஞர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பது நல்ல பயிற்சி. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்திலும், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனத்திலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும். மாநிலக் குறைதீர்ப்பாளர் 30 நாளில் ஆணையிட வேண்டும், மருத்துவ அவசரம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்தில். அதே சட்டத்தில் சிகிச்சை வழங்கும் கடமைக்கு முன்னால் 'இயன்ற வரை' என்று இரண்டு சொல் நிற்கின்றன. அவற்றை நீக்கச் சொல்லி எச்.ஐ.வி. உள்ளோர் கடுமையாக வாதாடியும் அவை நீங்கவில்லை. கடமையைச் சலுகையாக மாற்ற இரண்டு சொல் போதும் என்பதை இந்த வரியைக் காட்டித்தான் விளக்க முடியும்.

பயணச் செலவைக் கூட்டத்துக்கு முன்பே கொடுங்கள். 'பில் கொடுத்தால் பிறகு தருவோம்' என்றால் கையில் பணமில்லாதவர் வரவே மாட்டார். குழுவில் ஒரு இளைஞருக்கு இடம் கொடுத்தால் அவர் வாய் திறப்பதே அரிது, இருவருக்காவது கொடுங்கள். கூட்டத்தின் தாள்கள் தமிழில், ஒரு வாரம் முன்னதாகக் கிடைக்க வேண்டும். தேர்வு நாள்களைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

18 வயதுக்குக் கீழ் உள்ளோர் விஷயத்தில், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012) பெரிய தடையாகவே இருக்கிறது. பதினேழு வயதில் விரும்பி உறவு கொண்ட ஒருவர் பால்வினை நோய்க்குச் சிகிச்சை கேட்டு வந்தாலும், அதை அறிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். அந்த அச்சத்தில் பிள்ளைகள் பால்வினை நோய்க்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையத்தின் பக்கமே வருவதில்லை. இதில் மருத்துவரிடம் கேட்டுப் பயனில்லை, சட்டத்தை மாற்றும் இடத்தில்தான் கேட்க வேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் அறிக்கையில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழி பால்வினை நோய்ச் சிகிச்சைக்கும் நீள வேண்டும் என்று கேட்பது சுருக்கமான, நியாயமான கோரிக்கை.

பக்கத்துச் சொற்கள்

'பாலியல்' என்ற சொல் செய்தித்தாளில் வன்முறை, தொல்லை என்பவற்றோடு மட்டுமே வந்து பழகியதால், 'பாலியல் நலம்' என்ற தலைப்பைக் கண்டதும் சில பள்ளிகள் அனுமதி மறுக்கின்றன. 'வளரிளம் பருவ நலம்' என்று தலைப்பிட்டு உள்ளே போவதில் தவறில்லை. உள்ளே போன பிறகு ஆணுறை, மாதவிடாய், பால்வினை நோய் என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும். மழுப்பினால் பிள்ளைகள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார்கள். 'எய்ட்ஸ் நோயாளி', 'ஆட்கொல்லி நோய்' இரண்டும் கைவிட வேண்டியவை. 'எச்.ஐ.வி. உள்ளோர்' போதும். எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள் என்று 1983-இல் டென்வரில் எய்ட்ஸ் உள்ளோரே அறிவித்தார்கள்.

வழக்கு எடுத்துக்காட்டு: 'மாணவர்கள் ஏ.ஆர்.டி. மைய நேரத்தை மாற்றக் குரல் கொடுத்தார்கள்.' 'மொழி தெரியாத புலம்பெயர் தொழிலாளிக்காக நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மைய) ஆலோசகர் பரிந்து பேசினார்.' 'அட்வகசி அலுவலர்' என்ற பதவிக்கு 'உரிமைக் குரல் ஒருங்கிணைப்பாளர்' என்று எழுதலாம்.