ரசச் சொம்பு வெள்ளீயமா, காரீயமா?

போன வருடம் முப்பது வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். ஆறு மாதமாக வயிற்றுவலி, மலச்சிக்கல், ஓயாத அசதி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது சிவப்பணுக்களுக்குள் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள். காரீயம் (lead) உடம்பில் சேர்ந்தால் இப்படித் தெரியலாம். உடனே ரத்தத்தில் அது இருக்கிறதா என்று பார்த்தோம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அவருக்கு 50-ஐத் தாண்டியிருந்தது.

பெயின்ட் வேலை, பழைய பேட்டரி, நாட்டு மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவும் இல்லை. கூட வந்த மாமியார்தான், "புதுசா ஈயச்சொம்பு வாங்கினோம் டாக்டர், தினமும் ரசம் அதுலதான் வைக்கிறோம்" என்றார்.

ஈயம் என்று நாம் ஒரே பேரில் சொல்வது இரண்டு உலோகங்களை. ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில் (tin). காரீயம் நஞ்சு, இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே அதற்குக் கிடையாது. ஆனால் விலை பல மடங்கு குறைவு, அதனால் கலந்துவிடுகிறார்கள். புளியும் தக்காளியும் சேர்ந்து கொதிக்கும்போது அது ரசத்தில் இறங்குகிறது. உடம்புக்குள் போனால் எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். கர்ப்பகாலத்தில் அங்கிருந்து கிளம்பி வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

சொம்பின் அடியை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பென்சில் போலக் கறுப்பாகக் கோடு விழுந்தால் அதில் சமைக்கவே வேண்டாம். கோடு விழவில்லை என்றாலும் நம்பிவிட முடியாது, கொஞ்சமாகக் கலந்திருந்தால் இதில் தெரியாது. உலோகப் பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்ரே கருவியில் வைத்தால், சொம்பை வெட்டாமலேயே எது எவ்வளவு இருக்கிறது என்று சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். அதுவரை ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுக்கும்போதும் கேளுங்கள்: பூசுவது சுத்த வெள்ளீயமா, சால்டரிங் ஈயமா? சால்டரிங் ஈயத்தில் பல வகைகளில் காரீயம் உண்டு.

நல்ல சொம்பு என்று உறுதியாகிவிட்டதா, சரி, பக்குவமாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், தீ சொம்பின் பக்கவாட்டில் ஏறக்கூடாது. தாளிப்பைக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்டுங்கள். கம்பி நாரால் தேய்க்காதீர்கள்.

அந்தப் பெண் சொம்பை நிறுத்தி, சிகிச்சையும் எடுத்த பிறகு வயிற்றுவலி போய்விட்டது. அவருடைய ஆறு வயதுப் பையனுக்கும் பரிசோதித்தோம். அவனுக்கு 18 மைக்ரோகிராம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறான்.