அமெரிக்காவில் குழாய்த் தண்ணீர்: சட்டம் என்ன தருகிறது, கோர்ட் எங்கே கை வைக்கிறது

அமெரிக்காவில் தண்ணீருக்கு முக்கியமாக இரண்டு மத்திய சட்டங்கள், பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டம், ஆற்றிலும் ஏரியிலும் யார் எதைக் கொட்டலாம் என்பதைப் பற்றியது. 1974-இல் வந்த பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம், உங்கள் வீட்டுக் குழாயில் எது எவ்வளவு இருக்கலாம் என்பதைப் பற்றியது. இரண்டுக்கும் விதிகள் போடுவது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இபிஏ.

சமீபத்தில் உச்ச நீதிமன்றம் கை வைத்தது முதல் சட்டத்தில்தான். 2023 மே மாதம், சாக்கெட் தம்பதி இபிஏ மேல் போட்ட வழக்கில், ஆறு ஏரிகளோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்திருக்கும் சதுப்பு நிலத்துக்கு மட்டுமே மத்தியப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ நகரம் இபிஏ மேல் போட்ட வழக்கில் 5-4 என்று தீர்ப்பு: நீர்நிலையின் தரம் கெடக்கூடாது என்று பர்மிட்டில் பொதுவாக எழுதிவைத்தால் போதாது, கழிவுநீர் நிலையம் என்ன செய்ய வேண்டும் என்பதை இபிஏதான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கழிவுநீரை விடும் ஊருக்கு இது நிம்மதி, அதே ஆற்றில் கீழே குடிநீர் எடுக்கும் ஊருக்கு அப்படியில்லை. ஏனென்றால் இந்தத் தீர்ப்புகளால் குடிநீர்ச் சட்டத்தின் வரம்புகள் தளரவில்லை. மேலே தடுக்காத அழுக்கைச் சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்தே ஆக வேண்டும், அந்தச் செலவு உங்கள் தண்ணீர் பில்லில் வந்து சேரும். அழுக்கை விட்டவர் கட்ட வேண்டிய பணத்தைக் குடிப்பவர் கட்டுவது நியாயமே இல்லை.

பிஎஃப்ஏஎஸ் என்னும், எளிதில் சிதையாத செயற்கை ரசாயனங்கள் விஷயத்தில் இது கண்கூடு. 2024 ஏப்ரலில் இபிஏ இவற்றில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இரண்டுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. செலவைக் கணக்குக் காட்டித் தண்ணீர் நிறுவனங்களின் சங்கங்களே வழக்குப் போட்டன. 2025 மே மாதம் இபிஏ, இந்த இரண்டு வரம்பும் இருக்கும், ஆனால் அவற்றை எட்டுவதற்கான கெடுவை 2029-லிருந்து 2031-க்குத் தள்ளப் போகிறோம், மற்ற சிலவற்றின் வரம்பை விலக்கப் போகிறோம் என்றது. ஆனால் ஒருமுறை வைத்த பாதுகாப்பைத் திருத்தும்போது குறைக்கக் கூடாது என்று குடிநீர்ச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்பதில் இபிஏ சொல்வதை நீதிபதிகள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை, ஏனென்றால் 2024 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் லோப்பர் பிரைட் தீர்ப்பு அந்தப் பழைய வழக்கத்தை எடுத்துவிட்டது. இந்த ரசாயனங்களைத் தயாரித்த கம்பெனிகளிடமிருந்து கொஞ்சம் பணம் வருகிறது: 2023-இல் 3எம் மட்டும் பொதுக் குடிநீர் அமைப்புகளுக்குக் குறைந்தது 1,030 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

சரி, நீங்கள் கேட்டு வாங்கக்கூடியவை. உங்கள் ஊர்த் தண்ணீரின் தர அறிக்கை ஒவ்வொரு வருடமும் ஜூலை 1-க்குள் வர வேண்டும். வாடகை வீட்டில் பில் உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் தண்ணீர் நிறுவனத்திடம் அதைக் கேட்கலாம். அப்புறம் ஈயக் குழாய்: எந்த வீட்டுக்கு எந்த உலோகத்தில் இணைப்பு என்ற பட்டியலை 2024 அக்டோபர் 16-க்குள் தயாரித்துப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது விதி. உங்கள் முகவரிக்கு நேரே "தெரியவில்லை" என்று இருந்தால் விடாதீர்கள், வந்து பார்க்கச் சொல்லுங்கள், குழந்தை இருக்கும் வீடென்றால் உடனே.

சொந்தக் கிணறு வைத்திருந்தால் இந்த மத்திய வரம்புகள் உங்களுக்குப் பொருந்தாது, தண்ணீரை நீங்களேதான் மாநில அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.