ராக்கெட்டின் நேரம் எங்கே போகிறது?

ராக்கெட்டுக்கான உலோகப் பாகங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. "3டி பிரிண்டிங் வந்துவிட்டதே சார், இனி எஞ்சின் சில நாளில் தயாராகிவிடும் இல்லையா?" என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். பிரிண்ட் முடிந்துவிடும். வேலை முடியாது.

சென்னையின் அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறக்கவிட்ட ராக்கெட்டில் இருந்தது ஒரே துண்டாக அச்சடித்த எஞ்சின். இதில் நான் பெரிதாக மதிப்பது இணைப்புகள் ஒழிந்ததைத்தான். ஒவ்வொரு வெல்டிங்குக்கும் ஓர் எக்ஸ்ரே, ஒரு கசிவுச் சோதனை, ஒரு கையெழுத்து உண்டு. வெல்டிங் போனால் அத்தனையும் போகும்.

பதிலுக்குப் புதுத் தலைவலி ஒன்று வரும். இப்படிப்பட்ட எஞ்சின்களின் சுவருக்குள், சுவரைக் குளிர்விக்கும் திரவம் ஓடச் சன்னமான வழிகள் இருக்கும். உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்கித்தான் அச்சடிப்பார்கள் என்பதால், முடித்ததும் உருகாத பொடி அந்த வழிகளில் தங்கிவிடும். குலுக்கியும் வாயுவை ஊதியும் அதை வெளியேற்ற வேண்டும், அதுவும் வெப்பப் பதப்படுத்தும் உலைக்குள் போவதற்கு முன்பே. உலைக்குள் போய்விட்டால் பொடி இறுகிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வழி அடைத்திருந்தாலும் அந்த இடம் குளிராமல் உருகி ஓட்டை விழலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, சி.டி. ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும்.

2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபயர்ஃப்ளை நிறுவனம், உத்தரவு வந்த 27 மணி நேரத்தில் ராணுவச் செயற்கைக்கோளை ஏவியது. அதற்காக 27 மணி நேரத்தில் ராக்கெட் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ராக்கெட்டும் செயற்கைக்கோளும் முன்பே தயாராகிக் காத்திருந்தன. அவசரம் வருவதற்கு முன்பே சோதனைகளை முடித்துவைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, நம் எஸ்எஸ்எல்வி? சிறிய செயற்கைக்கோள்களுக்கான இந்த ராக்கெட்டைச் சில நாட்களில் கோத்து ஏவும் நோக்கில் இஸ்ரோ வடிவமைத்தது. 2022 ஆகஸ்ட் 7 அன்று முதல் பயணத்தில், எரிந்து முடிந்த இரண்டாம் நிலை, அதாவது ராக்கெட்டின் இரண்டாவது அடுக்கு, கழன்றபோது சிறிது நேரம் அதிர்வு வந்தது. வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானிகள் பழுது என்று கணினி முடிவுகட்டி, அவற்றை நம்பாமல் ஓட்டியது. வேண்டிய வேகத்தில் நொடிக்கு 56 மீட்டர் குறைந்தது. பாதை 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்து, இரண்டு செயற்கைக்கோள்களும் போயின. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாம் நிலையைக் கழற்றும் அமைப்பையே மாற்றி, 2023 பிப்ரவரி 10 அன்று மறுபடி ஏவினார்கள். மூன்று செயற்கைக்கோள்களும் சுற்றுப்பாதையில் சேர்ந்தன. இடையில் போன ஆறு மாதத்தைத் தாமதம் என்று நான் சொல்லமாட்டேன்.