டிரிம்மர்: தாடிக்கு ஒன்று, கூரைக்கு வேறொன்று

டிரிம்மர் என்றதும் நம் கை தானாகத் தாடைக்குப் போகும். தாடி ஒதுக்கும் கருவி என்ற பொருளில்தான் அந்தச் சொல் இங்கே புழங்குகிறது. அமெரிக்காவில் பழைய வீட்டுக் கூரையைத் திறந்து ஸ்கைலைட் என்ற கண்ணாடிச் சாளரம் வைக்கும் வேலையைப் பற்றிப் படிக்கிற ஒருவர், ‘இரண்டு பக்கமும் டிரிம்மரை இரட்டிப்பாக்க வேண்டும்’ என்ற வரிக்கு வந்ததும் சற்றுத் திகைப்பார். வெட்டிச் சீராக்கிய கட்டை போலிருக்கிறது என்று ஊகித்துக்கொண்டு மேலே போவார். அந்த ஊகம் தலைகீழானது. வெட்டாமல் முழுதாக விட்டு, மேலும் பலப்படுத்திய கட்டைக்குத்தான் அங்கே டிரிம்மர் என்று பெயர்.

பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். சரிவான மரக்கூரையில் உச்சியில் ஓடுவது மோட்டுவளை. அதிலிருந்து சுவர் வரை கை நீட்டியதுபோல் இறங்குபவை கைமரங்கள். அமெரிக்க வீடுகளில் கைமரங்களின் மையத்துக்கு மையம் பெரும்பாலும் 16 அல்லது 24 அங்குல இடைவெளி இருக்கும். 24 அங்குல இடைவெளி என்றால், ஏறக்குறைய 22½ அங்குல அகலமுள்ள ஸ்கைலைட்டை எதையும் அறுக்காமல் நடுவில் இறக்கிவிடலாம். அதைவிட அகலமான கண்ணாடிக்கு ஆசைப்பட்டால் நடுவில் நிற்கும் கைமரத்தை அறுத்தாக வேண்டும்.

அறுத்ததும் அது இரண்டு துண்டாகிறது. கீழ்த்துண்டுக்குக் கால் சுவரில் இருக்கிறது, தலை இல்லை. மேல்துண்டுக்குத் தலை மோட்டில் இருக்கிறது, கால் இல்லை. இப்படி அந்தரத்தில் நிற்கும் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ள, திறப்பின் மேலும் கீழும் குறுக்காக ஒவ்வொரு கட்டை வைப்பார்கள். அது ஹெட்டர். ஹெட்டர் தன்மேல் வந்த சுமையைத் தானே வைத்துக்கொள்ள முடியாது. இருபுறமும் முழுதாக ஓடும் கைமரங்களுக்குப் பிரித்துத் தள்ளும். அந்தப் பக்கத்துக் கைமரங்கள்தாம் டிரிம்மர். தன் சுமையோடு அண்டை வீட்டான் சுமையிலும் பாதியைச் சுமப்பதால்தான் அதற்கு ஜோடியாக இன்னொரு மரத்தைச் சேர்த்து ஆணியடிக்கிறார்கள். ஹெட்டரின் நீளம் 4 அடியைத் தாண்டினால் ஹெட்டரையும் டிரிம்மரையும் இரட்டிப்பாக்க வேண்டும், 6 அடியைத் தாண்டினால் இரண்டும் சேரும் இடத்தில் அதற்கென அமைந்த உலோகத் தாங்கியும் வேண்டும் என்று அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பே சொல்கிறது.

பழைய வீடு என்றால் இன்னொரு சிக்கல். இன்று அங்கே ‘இரண்டுக்கு ஆறு’ என்று விற்கும் மரம் உண்மையில் 1½ அங்குலத்துக்கு 5½ அங்குலம்தான். நூறு வருடத்துக்கு முந்திய வீட்டில் அதே பெயருள்ள மரம் பல இடங்களில் முழு இரண்டங்குலம், முழு ஆறங்குலம் இருக்கும். கடையில் வாங்கிய புதுமரத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்தால் அரை அங்குலம் குட்டையாக நிற்கும். பழைய மரம் தொய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம், ஒரு முனையில் பொருந்துவது மறுமுனையில் பொருந்தாது. 1950களுக்குப் பின் பரவிய டிரஸ் கூரை, அதாவது கட்டைகளை முக்கோணங்களாக உலோகத் தகடு அழுத்தி இணைத்த கூரை என்றால் இந்தப் பேச்சே இல்லை. அதில் ஒரே ஒரு கட்டையை அறுப்பதானாலும் பொறியாளர் கணக்குப் போட்டுத் தராமல் கை வைக்கக் கூடாது.

இனி சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் ‘டிரிம்மன்’ என்ற வினைக்குப் பொருள் உறுதியாக்கு, பலப்படுத்து. அங்கிருந்து ஒழுங்குபடுத்து, தயார்செய், அலங்கரி என்று பொருள் நகர்ந்து, கடைசியில் மிச்சத்தை வெட்டிச் சீராக்கு என்பதில் வந்து நின்றது. முடிவெட்டுபவர் கடைசிப் பொருளை எடுத்துக்கொண்டார். தச்சரின் சொல்லில் முதல் பொருளின் வாசம் இன்னும் போகவில்லை.

இதே பயணத்தைத் தமிழிலும் ஒரு சொல் செய்திருக்கிறது: திருத்து. நிலத்தைத் திருத்தினோம், பிழையைத் திருத்தினோம், முடியையும் திருத்தினோம். ஊருக்கு ஊர் முடிதிருத்தகம் இருக்கிறது. ஒழுங்குக்குக் கொண்டுவருவது என்ற ஒரே வேரிலிருந்து கத்தரிக்கோல் வரை வந்துவிட்டது. அகராதிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு டிரிம்மருக்குத் ‘திருத்தி’ என்று எழுதினால் இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எந்த ஆசாரிக்கும் அது புரியாது.

சொல்லைப் பெயர்க்காமல் வேலையைப் பெயர்க்க வேண்டும் என்பேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் நாட்டுக்கு நாடு இடம் மாறுகிறது. அமெரிக்கர் ஹெட்டர் என்னும் குறுக்குக் கட்டையைத்தான் பிரிட்டிஷ் தச்சர் டிரிம்மர் என்கிறார். பக்கத்தில் நீளமாக ஓடுவது அவருக்கு ‘டிரிம்மிங்’ கைமரம். அறுபட்டது ‘டிரிம்டு’ கைமரம். நம் பொறியியல் பாடப்புத்தகங்கள் பிரிட்டிஷ் வழியில் வந்தவை, இன்று இணையத்தில் பார்க்கும் காணொளிகளோ பெரும்பாலும் அமெரிக்க வழி. போதாததற்கு, நம் கொத்தனாருக்கு ஹெட்டர் என்றால் செங்கல்லின் குட்டைமுகம் வெளியே தெரிய வைக்கும் கல். ஒரே வீட்டில் கொத்தனாரும் ஆசாரியும் ஆளுக்கொரு ஹெட்டரை மனதில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குறுக்குக் கட்டைக்கு ‘ஏந்துகட்டை’ போதும். அறுபட்ட முனையை ஏந்துவது அதுதானே. சுவருக்குச் சுவர் குறுக்கே போகும் கட்டைக்கு விட்டம் என்ற நல்ல சொல் இருக்கிறது. வட்டத்தை மையத்தின் வழியே குறுக்கே கடக்கும் கோட்டுக்கும் அதே பெயர்தான். ஆனால் இந்தக் கட்டை சுவரைத் தொடுவதில்லை என்பதால் விட்டத்தை இங்கே இழுக்க எனக்கு மனமில்லை. பக்கத்தில் நிற்பது ‘தாங்குகைமரம்’. அறுபட்டு மிஞ்சியது ‘குட்டைக் கைமரம்’. இவை மூன்றையும் சேர்த்த ஃப்ரேமிங் என்ற வேலைக்குச் ‘சட்டமிடல்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சட்டம் என்றதும் கண்ணாடியோடு சேர்ந்து வரும் ஜன்னல் சட்டம் நினைவுக்கு வரும். அது கண்ணாடியைத்தான் தாங்கும், கூரையைத் தாங்காது. சட்டம் வந்துவிட்டதே, இனி என்ன என்று இருந்துவிட்டால் கூரை மெல்லத் தொய்யும். ‘திறப்புக்கு மரவேலை’ என்று பச்சையாகச் சொல்வதே மேல்.

ஸ்கைலைட்டுக்கு என்ன சொல்வது? அந்த ஆங்கிலச் சொல்லே 17ஆம் நூற்றாண்டில் முதலில் வானிலிருந்து வரும் ஒளியைக் குறித்துவிட்டு, பிறகுதான் கூரைத் திறப்பின் பெயரானது. அதை அப்படியே ‘வானொளிச் சாளரம்’ ஆக்கினால் அழகாக இருக்கிறது, எழுத்தில் மட்டும். ளகரத்தை லகரமாக உச்சரிக்கும் நம் ஊரில் கேட்பவருக்கு அது ரேடியோப்பெட்டி வைக்கும் ஜன்னலாகிவிடும். என் ஓட்டு ‘கூரைச் சாளரம்’ என்பதற்கு. சாளரமும் காலதரும் சிலப்பதிகாரத்திலேயே வருகின்றன. காலதர் என்றால் காற்று வரும் வழி: கால் காற்று, அதர் வழி. ஆகவே திறந்து மூடக்கூடியதைக் ‘கூரைக் காலதர்’ என்று பிரித்துச் சொன்னாலும் தவறில்லை. 1940களில் டென்மார்க்கில் பிறந்த வெலக்ஸ் என்ற வணிகப்பெயரும் காற்றோட்டம் எனப் பொருள்படும் ‘வென்டிலேஷ’னின் ‘வெ’யையும் ஒளி எனப் பொருள்படும் லத்தீன் ‘லக்ஸ்’ஸையும் ஒட்டியதுதான். ஜன்னல் மட்டும் போர்ச்சுகீசியர் கொடுத்தது.

இவ்வளவு காலம் நமக்கு இந்தச் சொற்களின் பஞ்சம் பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் கண்ணாடி ஓடு என்று நினைக்கிறேன். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பின் பரவிய சீமை ஓட்டுக் கூரையில், ஒரு மண் ஓட்டை எடுத்துவிட்டு அதே அளவில் கண்ணாடி ஓட்டைச் செருகினால் அடுக்களையில் வெளிச்சம் விழும். ஓடு உட்காருவது கைமரங்களின் மேல் குறுக்காக அடித்த மெல்லிய ரீப்பர் கட்டை மேல். கைமரத்தைத் தொடுவதே இல்லை. ஒன்று போதாவிட்டால் நான்கு. நடுவீட்டில் வானம் தெரிய வேண்டுமென்றவர்கள் முற்றம் விட்டே வீட்டைக் கட்டினார்கள். கட்டி முடித்த கூரையை அறுக்கும் தேவை குறைவாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது பழைய ஓட்டுவீட்டைப் புதுப்பிப்பவர்கள் நான்கடிக்கு நான்கடி கண்ணாடி கேட்கிறார்கள். அங்கே கைமரம் குறுக்கே வருகிறது. மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் கதையே வேறு. கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்த கூரை அது. கல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் கட்டையை மட்டும் யோசித்தால் போதாது. ஓட்டுவீட்டுக்கு ஆசாரியிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “இந்த ஒரு கைமரம் அறுபடணும். ரெண்டு முனையிலயும் ஏந்துகட்டை குடுங்க. ரெண்டு பக்கத்துக் கைமரத்துக்கும் ஜோடி போட்டுடுங்க.”

இதற்கு முன்னால் அவரே ஒன்று சொல்வார், சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும்: முட்டுக் கொடுத்தாச்சா? ரம்பத்தை எடுக்கும் முன் கூரையைக் கீழிருந்து தாங்கி நிறுத்துவது அது. இணையத்தில் கட்சிக்காரர்கள் கொடுக்கும் முட்டு எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது. இந்த முட்டுகளையோ ஏந்துகட்டையும் ஜோடியும் ஏறியபின் எடுத்துவிடலாம்.