மீன் தொட்டில சில செடிங்க மட்டும் ஏன் சாகறதே இல்ல

தொட்டில வச்ச செடி மஞ்சளாகி உருகிப் போச்சுன்னு யார்கிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற பதில் "லைட் பத்தல, நல்ல லைட்டா வாங்கிப் போடுங்க"ங்கறதுதான். கடைலயும் அதையேதான் சொல்வாங்க, ஏன்னா லைட்டை விக்கலாம். வாங்கிப் போட்டு கொஞ்ச நாள்ல கண்ணாடி பூரா பச்சைப் பாசி, இலை ஓரத்துல முடி முடியா கறுப்புப் பாசி, செடி முன்ன இருந்ததவிட மோசம். வீட்டுத் தொட்டில பெரும்பாலும் பஞ்சம் வெளிச்சத்துக்கு இல்லைங்க, கார்பனுக்கு.

செடியக் காயவச்சு எடை போட்டா அதுல ஏறத்தாழ 40 சதவீதம் கார்பன்தான். தரைல நிக்கற செடிக்கு அது காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடுலேர்ந்து வருது. சரி, தண்ணிக்குள்ள அது கம்மியான்னு பாத்தா, அங்கதான் ஒரு ஆச்சரியம். ஒரு லிட்டர் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு ஒரு மில்லிகிராமுக்குக் கீழ, காத்தோட சமநிலைல இருக்கற ஒரு லிட்டர் தண்ணில கரைஞ்சிருக்கறதும் 25 டிகிரி சூட்டுல சுமார் 0.6 மில்லிகிராம், அதாவது ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வித்தியாசம் அளவுல இல்ல, வேகத்துல. தண்ணிக்குள்ள ஒரு வாயு பரவுற வேகம் காத்துல பரவுறதவிட ஏறக்குறைய 10,000 மடங்கு கம்மி. இலையை ஒட்டி அசையாம நிக்கற ஒரு மெல்லிய தண்ணிப் படலம் எப்பவும் இருக்கும், இலை பக்கத்துல இருக்கறத உறிஞ்சித் தீத்ததும் அடுத்தது அந்தப் படலத்தைத் தாண்டி ஊர்ந்து வரணும்.

பந்தில 500 பேர் உக்காந்திருக்காங்க, பரிமாற ஒரே ஒரு ஆள்தான்னு வச்சுக்கங்க. லைட்டை ஏத்தறதுங்கறது பசியைக் கிளப்பி விடறது மட்டும்தான், பரிமாற ஆள் கூடல. செடி அந்த வெளிச்சத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாம நிக்கும், ஆனா பாசி ஒத்தைச் செல்லாவோ மெல்லிசு நூலாவோ இருக்கறதால அதுக்குள்ள கார்பன் ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல, கொஞ்சம் கிடைச்சாலும் பொழைச்சுக்கும். அதனாலதான் லைட் கூடினதும் பாசி ஜெயிக்குது. சிலிண்டர் வச்சு கார்பன் டை ஆக்சைடு ஏத்தறவங்க லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம் வரைக்கும் கொண்டு போறாங்க, அவங்களுக்கு அந்த பவர் லைட் சரி. சும்மா ஒரு ஃபில்டரும் நாலு மீனும் வச்சிருக்கற நமக்கு அது வேலைக்காகாது.

இப்ப இந்தக் கண்ணோட பாத்தா "ஈஸி பிளான்ட்"னு சொல்ற செடிங்க எல்லாம் ஏன் ஈஸின்னு புரிஞ்சிடும். ஒவ்வொண்ணும் இந்தக் கார்பன் பிரச்சனைக்கு ஏதோ ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கு.

முதல் வழி சோம்பேறித்தனம். மேற்கு ஆப்பிரிக்கா ஆத்தோரத்துல நிழல்ல வளர்ற அனுபியாஸ், தென்கிழக்கு ஆசியாவுல ஓடைப் பாறைல ஒட்டி வளர்ற ஜாவா ஃபெர்ன், ரெண்டுமே வளர்ச்சிய ரொம்ப மெதுவா வச்சுக்கும், அதனால தேவையும் கம்மி. அனுபியாஸ் ஒரு புது இலை விட வாரக்கணக்குல ஆகும், ஆனா விட்ட இலை மாசக்கணக்குல நிக்கும், தோல் மாதிரி தடிமனா இருக்கறதால மீன் கடிக்கவும் கஷ்டம். இதுல ஒரே சிக்கல், இவ்ளோ நாள் நிக்கற இலை மேல பாசி உக்காரவும் நிறைய நேரம் கிடைக்குது, அதனால லைட்டுக்கு நேர் கீழ வைக்காம ஓரமா, டிரிஃப்ட்வுட் (தொட்டிக்குள்ள அழகுக்கு வைக்கற மரக்கட்டை) நிழல்ல வைக்கறது நல்லது. ரெண்டு செடிக்குமே படுத்த மாதிரி ஒரு தடிச்ச தண்டு இருக்கும், ரைசோம்னு சொல்வாங்க, அத மணலுக்குள்ள புதைச்சா அழுகிடும். செத்துப் போற அனுபியாஸ்ல பாதி இப்படிப் புதைச்சுக் கொன்னதாத்தான் இருக்கும்னு நினைக்கறேன். கல்லுலயோ கட்டைலயோ நூல் வச்சுக் கட்டுங்க, இல்லன்னா ஒரு சொட்டு ஃபெவிக்விக், வேர் தானா பிடிச்சுக்கும். அப்புறம் ஜாவா ஃபெர்ன் இலைக்கு அடில வரிசையா கரும்புள்ளி வந்தா நோய்னு நினைச்சு வெட்டிப் போடாதீங்க, அது பெரணி வகைச் செடி, அந்தப் புள்ளி வித்துப் பை. முத்தின இலைல குட்டிச் செடியே முளைச்சு வேர் விட்டுத் தொங்கும், அதைக் கிள்ளி வேற கல்லுல வைக்கலாம்.

ரெண்டாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, போர் தண்ணி உள்ள வீடுகளுக்கு இதவிட நல்ல சேதி இல்ல. உப்புத் தண்ணி, கடின தண்ணின்னு நாம திட்டறோமே, அதுல கார்பன் ஏராளமா இருக்கு, ஆனா கார்பன் டை ஆக்சைடா இல்ல, பைகார்பனேட்டா. நம்ம ஊர் போர் தண்ணில லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம்கூட சாதாரணம். 0.6 எங்க, 300 எங்க. பெரும்பாலான செடியால இத நேரா எடுத்துக்க முடியாது. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் மாதிரி சிலதால முடியும். ஹைட்ரில்லா பண்ற வேலையப் பாருங்க: இலையோட அடிப்பக்கத்துல ஹைட்ரஜன் அயனியை வெளிய தள்ளி அந்த இடத்த அமிலமாக்குது, அமிலத்துல பைகார்பனேட் உடைஞ்சு கார்பன் டை ஆக்சைடு வருது, அத உள்ள இழுத்துக்குது. மேல்பக்கத்துல அதுக்கு ஈடா காரத்தன்மை ஏறுது, அங்க தண்ணில இருக்கற கால்சியம் சுண்ணாம்பாப் படியுது. போர் தண்ணித் தொட்டில இந்தச் செடி இலையத் தடவிப் பாத்தா சொரசொரன்னு வெள்ளையா ஒட்டியிருக்கும்ல, அது அழுக்கு இல்ல, செடி சாப்பிட்ட கணக்கு. அதுக்கும் மேல, கோடைல தண்ணி சூடாகி கார்பன் டை ஆக்சைடு ரொம்பக் குறைஞ்சுட்டா ஹைட்ரில்லா மக்காச்சோளமும் கரும்பும் பயன்படுத்தற சி4 முறைக்கு, அதாவது கொஞ்சமா இருக்கற கார்பன் டை ஆக்சைடையும் பிடிச்சுச் சேத்து வச்சுப் பயன்படுத்தற வழிக்கு மாறிக்கும், அதுவும் அந்தப் பயிருங்களுக்கு இருக்கற தனி இலை அமைப்பு எதுவும் இல்லாமலே ஒத்தைச் செல்லுக்குள்ளயே. ஏரி குளத்துல சும்மா கிடக்குது, ஊர்ல வேலம்பாசின்னு சொல்றதுல இதுவும் ஒண்ணு, காசு கொடுத்து வாங்கற எந்தச் செடியும் இதுக்குப் பக்கத்துல வர முடியாது.

வாலிஸ்னேரியா பட்டையா நீளமா ரிப்பன் கணக்கா வளரும், மணலுக்கடில ஓடுதண்டு விட்டு ஒண்ணு பத்தாகும். நடும்போது வேர் மட்டும் மணலுக்குள்ள, இலை கிளம்பற குருத்து வெளிய தெரியணும். இதுக்கு ஆர்ஓ தண்ணி ஊத்தி "சுத்தமான தண்ணி கொடுத்தேன், ஆனாலும் செத்துப் போச்சு"ன்னு சொல்றவங்க உண்டு. ஆர்ஓ மிஷின் பைகார்பனேட்டையும் கால்சியத்தையும் சேத்துத்தான் பிடுங்குது, பட்டினி போட்டுட்டு சுத்தம்னு சொன்னா எப்படி. ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது, மிதக்க விட்டாப் போதும், எல்லாத்தையும் இலை வழியாவே எடுத்துக்கும். இன்னொண்ணு, லிக்விட் கார்பன்னு பாட்டில்ல விக்கறது பெரும்பாலும் குளுட்டரால்டிஹைட், ஆஸ்பத்திரில கருவிகளக் கிருமிநீக்கம் பண்ற அதே சமாச்சாரம். பாசியக் கொல்லும்ங்கறது உண்மை, ஆனா வாலிஸ்னேரியாவும் ஹார்ன்வோர்ட்டும் அதுல கரைஞ்சு போயிடும், இந்தச் செடி வச்சிருந்தா அந்த பாட்டில் பக்கமே போகாதீங்க.

மூணாவது வழி தண்ணிய விட்டே வெளிய வந்துடறது. ஆகாயத்தாமரை, சால்வீனியா, டக்வீட் எல்லாம் இலைய காத்துலயும் வேரைத் தண்ணிலயும் வச்சிருக்கறதால அதுங்களுக்குக் கார்பன் பஞ்சமே இல்ல. அதனால மீன் கழிவ அசுர வேகத்துல உறிஞ்சும், புதுசா வச்ச தொட்டிக்கு நல்ல காவல். ஆனா வாராவாரம் அள்ளிப் போடணும், விட்டா மேல் முழுக்க மூடி கீழ இருக்கற செடிக்கு நிஜமாவே லைட் இல்லாம பண்ணிடும்.

கிரிப்டோகோரைன் கதை வேற. ஹாபில ரொம்பப் பரவலா இருக்கற கிரிப்டோகோரைன் வென்ட்டி இலங்கைல மட்டுமே இயற்கையா வளர்றது. இதே குடும்பத்துச் செடி நம்ம பக்கத்துலயும் உண்டு, கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ், நாட்டு மருந்துக் கடைல நாட்டு அதிவிடயம்னு விக்கறது அதோட கிழங்குத்தண்டுதான். கிரிப்ட் எல்லாம் தண்ணி ஏறி இறங்கற கரையோரச் செடி, சூழ்நிலை மாறினா பழைய இலைய உதறிட்டு புதுசா விடற பழக்கம் அதுக்கு. கடைக்கு வர்ற செடி நிறைய நர்சரில தண்ணிக்கு வெளிய ஈரக்காத்துல வளந்தது, அந்த இலைக்கு மெழுகுப் பூச்சு, காத்துத் துளை எல்லாம் உண்டு, தண்ணிக்குள்ள அது உபயோகமில்ல. தொட்டில வச்ச ஒண்ணு ரெண்டு வாரத்துல எல்லா இலையும் கூழாகிடும். பயந்து பிடுங்காதீங்க, அழுகின இலைய மட்டும் எடுத்துட்டு வேர அசைக்காம விடுங்க, மெல்லிசா தண்ணிக்கேத்த புது இலை வரும். ஒருதடவ வச்சா வச்சதுதான், இடம் மாத்திக்கிட்டே இருந்தா மாத்தற ஒவ்வொரு தடவையும் இலைய உதிர்க்கும்.

ஆனா உருகற எல்லாமே திரும்பி வரும்னு நம்பிடவும் கூடாது. லக்கி பாம்பூ, பீஸ் லில்லி, அக்லோனிமா, ஃபிட்டோனியா இதெல்லாம் தரைச் செடி, அழகா இருக்குன்னு தண்ணிக்குள்ள போட்டு விக்கறாங்க. மெல்ல மெல்ல அழுகும். சென்னை கொளத்தூர் மீன் சந்தைல வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, பேரைக் கேட்டுட்டு வாங்குங்க. பேர் தெரியாதுன்னா தண்ணிய விட்டு வெளிய எடுத்துப் பாருங்க, தண்டு விறைச்சு தானா நின்னா கொஞ்சம் சந்தேகப்படணும், தண்ணிக்குள்ளயே வளந்த செடி வெளிய வந்ததும் துவண்டு தொங்கிடும். அனுபியாஸ் இதுக்கு விதிவிலக்கு, நர்சரிலேர்ந்து வர்ற கிரிப்ட்டும்தான்.

உரம் பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம். மீன் செவுள் வழியா அம்மோனியா விடுது, பாக்டீரியா அத நைட்ரேட்டா மாத்தறதுக்கு முன்னாடியே நிறைய நீர்ச்செடி அம்மோனியத்த நேரா எடுத்துக்கும், நைட்ரேட்டவிட அதுங்களுக்கு அதுதான் இஷ்டம், ஏன்னா நைட்ரேட்டத் திரும்ப அம்மோனியமா மாத்த சக்தி செலவாகும். பாஸ்பரஸ் மீன் தீனிலேர்ந்து வந்துடும். தட்டுப்பாடு வர்றது பொட்டாசியமும் இரும்பும்தான். பொட்டாசியம் செடிக்குள்ள நகரக்கூடியது, பத்தலைன்னா பழைய இலைலேர்ந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும், அதனால பழைய இலைல ஊசி குத்தினாப்ல ஓட்டை விழும். இரும்பு அப்படி நகராது, அது கம்மியானா புதுக் குருத்துதான் வெளுத்து வரும். எந்த இலை கெடுதுன்னு பாத்தே பாதி சொல்லிடலாம். கிரிப்ட், வாலிஸ்னேரியாவுக்கு வேர்ப்பக்கம் மணல்ல புதைக்கற உர மாத்திரை (ரூட் டேப்) ஒண்ணு, மத்ததுக்கு அப்பப்ப கொஞ்சம் லிக்விட் உரம், அவ்ளோதான்.

லைட் சாதாரண எல்இடி, ஒரு நாளைக்கு 6லேர்ந்து 8 மணி நேரம், டைமர் போட்டுடுங்க, கைல போட்டு அணைச்சா ஒழுங்கு இருக்காது. ராத்திரி லைட் அணைஞ்சதும் செடியும் மீனோட சேந்து ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு கார்பன் டை ஆக்சைடு விடும், செடி அடர்த்தியா இருந்து தண்ணியும் 30 டிகிரிக்கு மேல இருக்கற சித்திரை வைகாசில விடியக்காலம் மீன் மேல வந்து வாய் திறக்கறது இதனாலதான், அந்த மாசங்கள்ல ராத்திரி ஏர் பம்ப் ஓடட்டும்.

குளத்துலேர்ந்து எடுத்துட்டு வர்ற செடிய நேரா தொட்டில போடாதீங்க. தட்டான் குஞ்சு, அட்டை, நத்தை முட்டை எல்லாம் கூடவே வரும், தட்டான் குஞ்சு சின்ன மீன தின்னுடும். ஒரு வாளித் தண்ணில ரெண்டு வாரம் தனியா வச்சு, தினம் அலசிப் பாத்துட்டு அப்புறம் போடுங்க. எதிர்ப்பக்கமும் அதே கவனம் வேணும், தொட்டில கத்தரிச்சு எடுத்தத ஏரில, வாய்க்கால்ல விடக்கூடாது. 2020ல கோழிக்கோடு பக்கம் ஆவளப்பாண்டில வாய்க்கால் முழுக்க ரோஸ் கலர்ல பூத்துக் கிடந்தத கூட்டம் கூட்டமாப் போய் போட்டோ எடுத்தாங்களே, அது தென் அமெரிக்காலேர்ந்து வந்த கபோம்பா, தொட்டிச் செடிதான். நம்ம ஹைட்ரில்லாவும் 1950கள்ல இலங்கைலேர்ந்து தொட்டிச் செடி வியாபாரத்துல ஃபுளோரிடா போய் அங்க ஏரிகள அடைச்சு, இன்னிக்கும் அத அழிக்க அவங்க கோடிக்கணக்குல செலவழிக்கறாங்க. மேல வெட்டினா போகாது, மண்ணுக்குள்ள குட்டிக் குட்டிக் கிழங்கு விட்டு வச்சிருக்கும், அது வருஷக்கணக்குல முளைக்காம இருந்துட்டு அப்புறம் முளைக்கும். அதனால தொட்டிய காலி பண்ணும்போது செடிய மட்டுமில்ல, அந்த மணலையும் மாடில நல்லாக் காயவச்சு பூந்தொட்டிக்குப் போட்டுக்கங்க.