போன மாதம் 9.6, இந்த மாதம் 9.4: பிள்ளை உண்மையில் மெலிந்ததா?

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகளுக்கு இப்போதுதான் இரண்டு வயது முடிந்திருக்கிறது. கிளினிக்கில் மிட்வைஃப், "இனி மூன்று மாதத்துக்கு ஒருக்கா கொண்டு வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டார். பிள்ளை தொடக்கத்திலிருந்தே சின்ன உடம்பு, கிளினிக்கின் வளர்ச்சிக் கார்டில், பச்சைக்கும் நிறைகுறைவுக்கும் இடையிலுள்ள இளம்பச்சைப் பட்டையை விட்டு மேலே ஏறியதே இல்லை. மூன்று மாதம் சும்மா இருக்க மனம் கேட்காமல் புறக்கோட்டையில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி, வீட்டிலேயே நிறுக்கத் தொடங்கியிருக்கிறார். போன மாதம் 9.6 கிலோ. இந்த மாதம் 9.4. மாமி நாவூறு என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு டொனிக்கின் பெயரைச் சொல்கிறார். தொடர்ந்து நிறுப்பதா, விட்டுவிடுவதா என்பதுதான் கேள்வி.

வீட்டுத் தராசை விட்டுவிடலாம், கிளினிக்கை விடக்கூடாது. அந்த 200 கிராம் எங்கே போனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, அதற்கு முன் இரண்டு மூன்று எண்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி நடுக்கோட்டில் போகும் பெண் பிள்ளை பிறக்கும்போது 3.2 கிலோ, மூன்று மாதத்தில் 5.8, ஒரு வயதில் 8.9, இரண்டு வயதில் 11.5, மூன்று வயதில் 13.9. முதல் மூன்று மாதத்தில் ஏறியது 2.6 கிலோ. இரண்டாம் பிறந்தநாளுக்கும் மூன்றாம் பிறந்தநாளுக்கும் இடையில், முழு ஒரு வருடத்தில் ஏறுவது 2.4 கிலோதான். அதாவது மாதத்துக்கு 200 கிராம். நிறைகுறைவு என்று சொல்லும் எல்லைக் கோட்டிலேயே போகும் பிள்ளை 9.0இலிருந்து 10.8க்குப் போகிறது, அதற்கு மாதம் 150 கிராம். நம் தாயின் மகள் இந்த எல்லைக்குச் சற்று மேலே இருக்கிறாள், அவளுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

150 கிராம் என்பது எவ்வளவு? ஒரு கோப்பை பால்கூட இல்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டில், இருபது மாத மருமகனை நாள் முழுக்க நிறுத்துப் பார்த்தேன் (தங்கச்சி இன்னும் என்னை மன்னிக்கவில்லை). காலையில் எழும்பி மூத்திரம் போனபிறகு, உடுப்பில்லாமல் 10.4. புட்டும் வாழைப்பழமும் பாலும் உள்ளே போனபிறகு 10.7. பத்து மணிக்கு, நனைந்து தொங்கும் பம்பர்ஸோடு 10.8. அந்தப் பம்பர்ஸை மட்டும் சமையலறைத் தராசில் போட்டேன், 210 கிராம் காட்டியது, அதன்பிறகு அந்தத் தராசில் மாவு நிறுக்கத் தங்கச்சி மறுத்துவிட்டாள். குளித்துத் துடைத்தபிறகு 10.5. பின்னேரம் கடற்கரைக்குப் போய் அரைச் செவ்விளநீர் குடித்துவிட்டு வந்தான், மறுபடி 10.7. ஒரே பிள்ளை, ஒரே நாள், 400 கிராம் வித்தியாசம். இரண்டு மாதம் வளரவேண்டிய நிறையை அவன் பத்து மணிக்குள் ஏற்றி, மத்தியானத்துக்குள் அதில் பெரும்பகுதியை இறக்கிவிட்டான்.

இப்போது கொட்டாஞ்சேனைக்குத் திரும்புவோம். போன மாதம் பிள்ளையின் உண்மையான நிறை 9.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு, பின்னேரம், ஈரப் பம்பர்ஸோடு நிறுத்தால் 9.6. இந்த மாதம் 150 கிராம் ஒழுங்காக வளர்ந்து 9.45 ஆகிவிட்டது. ஆனால் இந்த முறை நிறுத்தது வெறும் வயிற்றில், காலையில், 9.4. பிள்ளை வளர்ந்திருக்கிறது. தராசும் பொய் சொல்லவில்லை. தாய் மட்டும் அழுகிறார்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. ஒரு அளவில் 200 கிராம் இங்கே அங்கே ஆடும் என்றால், இரண்டு அளவுகளைக் கழித்தால் அந்த ஆட்டம் கழிபட்டுப் போகும் என்றுதான் நமக்குத் தோன்றும். போகாது, கூடும். அதுவும் நேராகக் கூடாமல், பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரசின் தேற்றம் மாதிரிக் கூடும். செங்கோண முக்கோணத்தின் ஒரு பக்கம் போன மாதத்தின் 200, மற்றப் பக்கம் இந்த மாதத்தின் 200, நீங்கள் பார்ப்பது செம்பக்கம். வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 280. முக்கோணத்துக்கும் பிள்ளையின் பம்பர்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பிழைகள் என்பவை கணிதத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகள், அவ்வளவுதான். இதை முதன்முதல் படித்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஆக, தேடும் வளர்ச்சி 150, அதை மறைக்கும் ஆட்டம் 280. தெருவில் வெடி வெடிக்கும்போது கைக்கடிகாரத்தின் டிக் டிக்கைக் கேட்க முயல்வது போல. ஆனால் மூன்று மாதம் பொறுத்தால் வளர்ச்சி 450 ஆகிவிடும், ஆட்டம் அதே 280தான். அது காலத்தோடு வளராது. இங்கே இலங்கையில் இரண்டு வயதுக்குப்பிறகு மூன்று மாதம் என்று வைத்திருப்பதும், பிரிட்டனில் சுகமாக இருக்கும் பிள்ளையை ஒரு வயது தாண்டியபிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் நிறுக்கவேண்டாம் என்று சொல்வதும் இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. மிட்வைஃப் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை.

அப்புறம் நாவூறு. எந்த மாதம் அயலவர் "பிள்ளை நல்லாத் தேறியிருக்கே" என்பார்கள்? தராசு தற்செயலாக மேலே ஆடிய மாதம், நீங்கள் சந்தோஷத்தில் நாலு பேருக்கு எண்ணைச் சொன்ன மாதம். அடுத்த முறையும் தராசு அதே அளவுக்கு மேலே ஆட வாய்ப்புக் குறைவு, நிறை இறங்கினதாகக் காட்டும். உடனே யார் கண் பட்டது என்று ஆள் தேடுவார்கள், உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள், அடுத்த மாதம் ஏறும். டொனிக்கும் இப்படித்தான் பிழைக்கிறது. யாரும் நல்ல மாதத்தில் டொனிக் வாங்குவதில்லை, தராசு கீழே ஆடிய மாதத்தில்தான் பாமசிக்கு ஓடுகிறோம், அடுத்த மாதம் எப்படியும் ஏறப்போகிற நிறைக்கு 1500 ரூபா கட்டிவிட்டு வருகிறோம். செத்தல் மிளகாயாவது மலிவு.

இந்த விளையாட்டை முதலில் கண்டுபிடித்தவர் பிரான்சிஸ் கால்டன். 1886இல் 205 பெற்றோர் சோடிகளையும் வளர்ந்துவிட்ட அவர்களுடைய 928 பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் பெற்றோரை விடக் கொஞ்சம் குள்ளமாகவும், மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் உயரமாகவும் இருப்பதைக் கண்டார். தற்செயலும் கலந்த எந்த அளவும் உச்சத்துக்குப் போனால், அடுத்த தடவை சராசரியில் நடுவை நோக்கித் திரும்பும். யாருடைய கண்ணும் தேவையில்லை.

"ஆனால் ஒன்றும் சாப்பிடுகிறாளில்லையே" என்ற குறைக்கும் ஒரு வரி. வளர்ச்சி மெதுவாகும் இதே காலத்தில் மூளை தன் பங்கைக் கூட்டிக்கொண்டே போகிறது. 2014இல் வந்த ஓர் ஆய்வின்படி ஐந்து வயதளவில் உடல் ஓய்வில் எரிக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. உடம்பு மெதுவாக வளர்வதும் மூளையின் பசியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் போகின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு "எங்கள் பிள்ளைகள் சின்ன உடம்புதான், விடுங்கள்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த 2006 அளவுகளுக்குப் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என ஆறு நாடுகளில் நல்ல சூழலில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளைத்தான் அளந்தார்கள், டெல்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வளர்ந்தார்கள். அந்த அளவுகளின்படி சுகமான பிள்ளைகளிலேயே நூறுக்கு இரண்டு பேர் எல்லைக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள், அது இயற்கை. இலங்கையில் 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூறுக்கு 21 பேர் கீழே இருந்தார்கள். இரண்டு பேர் சின்ன உடம்பு, மற்றப் பத்தொன்பது பேருக்கு என்ன சொல்வது?

அதற்கு அடிக்கடி நிறுப்பதும் மருந்தல்ல. தமிழ்நாட்டில் 12 கிராமங்களில் ஒரு சோதனை செய்து 1993இல் வெளியிட்டார்கள். எல்லாக் கிராமங்களுக்கும் ஒரே மாதிரி சுகாதார சேவையும் போசாக்குப் பாடமும், ஆறில் மட்டும் கூடுதலாக வளர்ச்சிக் கார்டு. முப்பது மாதம் கழித்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. கார்டு காட்டும், ஊட்டாது. போசாக்கு மாதம் என்று பதாகை கட்டும் காசில் பாதியை, அரசு கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவுக்கும், ஒரு மிட்வைஃப் ஒரு தாயோடு கூட ஐந்து நிமிடம் இருந்து கதைப்பதற்கும் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

சரி, எப்போது மூன்று மாதம் பொறுக்கக்கூடாது? இரண்டு மூன்று அளவுகளாகக் கோடு படுத்தே கிடந்தால், அல்லது பட்டை விட்டுப் பட்டை இறங்கினால், பிள்ளை ஏற்கெனவே நிறைகுறைவைக் காட்டும் செம்மஞ்சளிலோ சிவப்பிலோ இருந்தால், குறைமாதத்தில் பிறந்திருந்தால், நடை பேச்சு பிந்தினால் கிளினிக் சொல்லும் திகதிக்கு முன்னமே போங்கள். வயிற்றோட்டம் தனிக்கதை. பத்துக் கிலோப் பிள்ளை ஒரு நாளில் அரைக் கிலோ இறங்கினால் அது உடம்பை விட்டுப் போன தண்ணீர், அங்கே தராசு உண்மையைத்தான் சொல்கிறது, ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) கொடுத்துக்கொண்டே டொக்டரிடம் ஓடவேண்டும்.

இந்தப் பிள்ளை 9.4இல், எல்லையான 9.0க்கு மேலே, தன் இளம்பச்சையிலேயே இருக்கிறாள். அடுத்த கிளினிக்குக்குக் கார்டோடு போய், போன ஆறு மாதப் புள்ளிகளையும் சேர்த்துக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். இடையில் கை சும்மா இருக்காது என்றால் மாதத்தில் தொடர்ந்து மூன்று காலைகள், மூத்திரம் போனபின், சாப்பிட முன், உடுப்பில்லாமல், சீமெந்துத் தரையில் வைத்த அதே தராசில் நிறுத்து, சராசரி எடுங்கள். 280 ஏறத்தாழ 160க்கு இறங்கும். இதையே தங்கச்சியிடமும் சொன்னேன். காலையில் பிள்ளையை உடுப்பில்லாமல் மூன்று நாள் பிடித்து வைக்கிற வேலையை நீயே வந்து செய் என்றாள். தராசு இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.